வேன் இடப்பக்கம் இழுத்தது. நாங்கள் சாரதியைக் குறை சொன்னோம்



கொஞ்சம் நீளமான பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், பிள்ளைகளைப் பாடசாலை வேனில் அனுப்புபவர்களும் நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

காவத்தைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு நாங்கள் ஆறு ஆசிரியர்கள் ஒரே வேனில்தான் போய் வருகிறோம். பழைய டொல்பின் வேன். எங்களை இறக்கிய பிறகு அதே வேன் மேல் டிவிசனுக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளையும் ஏற்றி வரும். சாரதி அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த தம்பி. வயது இருபத்துநான்கு.

சில மாதங்களாக வேன் பாதையின் இடது ஓரத்தை ஒட்டியே போனது. ஒரு நாள் சில்லு கானின் விளிம்பில் ஏறி இறங்கியது. பெற்றோர் பயந்துபோய் எங்களிடம் வந்தார்கள். தம்பியைக் கேட்டால், "நான் ஒடிக்கல சேர், வண்டிதான் இழுக்குது" என்பார். உரிமையாளர் இரண்டு தடவை வீல் எலைன்மென்ட் செய்துவிட்டார். இரண்டு தடவையும் எல்லாம் சரி என்று கணினித் தாள் வந்தது. ஆகவே பிழை சாரதியின் கையில்தான் என்று முடிவானது. அந்த முடிவுக்கு நாங்களும் தலையாட்டினோம். அடுத்த மாதம் வேறு சாரதி என்று பேச்சு முடிந்துவிட்டது.

கடைசியாக, டிப்போவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பாஸிடம் வண்டியைக் காட்டினோம். அவர் பொனட்டையும் திறக்கவில்லை, ஜெக்கும் போடவில்லை. தம்பியைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப இழுக்குது? சும்மா ஓடயிலயா, பிரேக் புடிக்கயிலயா?"

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை யாருமே கேட்டிருக்கவில்லை, படித்த நாங்களும்தான். எங்களில் ஒருவர் வரலாறு படிப்பிப்பவர், ஒருவர் விஞ்ஞானம். வெட்கத்தில் வீட்டுக்குப் போய்த் தேடி வாசித்தோம். வாசிக்க வாசிக்க ஒன்று விளங்கியது. வாகனத்தின் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு காலத்தில் வந்து சேர்ந்தது, ஒவ்வொன்றுக்கும் வண்டியை இழுக்கும் விதம் வேறு. அந்த வரலாறு தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

1. பாதை

முதலில் பார்க்க வேண்டியது பாதையை.

கொழும்பு–கண்டி வீதி ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் காலத்தில், 1820களில் போடப்பட்டது. எங்கள் மாகாணத்தில் வரக்காப்பொலை, கேகாலை, மாவனல்லை வழியாக அது மலையேறுகிறது. கடுகண்ணாவையில் நிற்கும் கோபுரம் அதை அமைத்த கப்டன் டோசனின் நினைவுக்குக் கட்டியது. அதே காலத்தில் பிரித்தானியாவில் ஜோன் மெக்கடம் என்பவர், சிறு கற்களை இறுக்கி, நடுவைச் சற்று உயர்த்தி, இரண்டு ஓரத்தையும் சரித்துப் பாதை போடும் முறையைப் பரப்பினார். மழைத்தண்ணீர் பாதையில் நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் காரணம். இன்றைய தார்ப் பாதையிலும் அந்தச் சரிவு உண்டு. வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரியில் சரிவில்லாத பாதை நிலைக்காது.

நாங்கள் இடப்பக்கத்தால் ஓடுபவர்கள். எங்கள் பக்கத்துச் சரிவும் இடப்பக்கமாகவே இருக்கும். ஆகவே ஒரு குறையும் இல்லாத வாகனம்கூட மெல்ல மெல்ல இடப்பக்கம் ஒதுங்கும். அது நோயில்லை.

தோட்டப் பாதை வேறு மாதிரி. பல இடங்களில் முழுப் பாதையும் மலைப் பக்கத்துக் கானை நோக்கிச் சரிந்திருக்கும். போகும்போது மலை இடப்பக்கம் என்றால் வண்டி இடது பக்கம் ஒதுங்கும், வரும்போது வலது பக்கம் ஒதுங்கும். எங்கள் வேன் போகும்போதும் இடது, வரும்போதும் இடது. பாதையில் பிழையில்லை என்பது இதிலேயே தெரிந்திருக்க வேண்டும். தினமும் அதில் இருந்து பயணம் செய்த ஆறு பேருக்கும் தெரியவில்லை.

2. அச்சு

தோட்டங்கள் கோப்பித் தோட்டங்களாக இருந்த காலத்தில் மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்கியது மாட்டு வண்டி. இரண்டு சில்லு, ஒரு அச்சு, திருப்புவது மாடு. சோடியில் இடப்பக்க மாடு சோர்ந்தால் வலப்பக்க மாடு முந்தும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதே கதை திரும்ப வரும்.

ஐரோப்பாவின் நான்கு சில்லுக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடு ஆணியில் சுழன்று திரும்பியது. திடீரென்று திருப்பினால் வண்டி கவிழும். மியூனிக் நகரத்து வண்டி செய்பவர் ஜோர்ஜ் லாங்கென்ஸ்பெர்கர் அச்சை அசையாமல் வைத்து, ஒவ்வொரு முன் சில்லையும் தனித்தனி முளையில் திருப்பும் வழியைக் கண்டுபிடித்தார். வளைவில் உட்பக்கச் சில்லு கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும். அவருடைய முகவராக இருந்த ருடோல்ப் அக்கர்மன் 1818 இல் இங்கிலாந்தில் அதற்கு உரிமம் எடுத்தார். செய்தவரின் பெயர் மறைந்து, பதிந்தவரின் பெயரே நிலைத்தது. 1886 இல் கார்ல் பென்ஸ் உரிமம் பெற்ற மோட்டார் வண்டிக்கு, எங்கள் ஓட்டோ மாதிரி, மூன்றே சில்லு. இரண்டு முன் சில்லுகளை ஒழுங்காகத் திருப்பும் அமைப்போடு அவருடைய நான்கு சில்லு வண்டி 1893 இல்தான் வந்தது.

ஒவ்வொரு சில்லும் தனியாக நிற்கத் தொடங்கியதும், ஒவ்வொன்றும் தனியாகக் கோணலாகவும் தொடங்கியது. இதில் மூன்று கோணங்கள் முக்கியம்.

டோ: இரண்டு சில்லும் நேராகப் பார்க்கின்றனவா, பாதங்கள் போல உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கின்றனவா என்பது.
கேம்பர்: சில்லின் தலைப்பக்கம் வெளியே சாய்கிறதா, உள்ளே சாய்கிறதா என்பது.
காஸ்டர்: சைக்கிளின் முன் போர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது போன்ற சாய்வு. திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதற்கு இது முக்கியக் காரணம்.

நாங்கள் பிழையாக நினைத்துக்கொண்டிருந்த விசயம் ஒன்று உண்டு. முன் டோ பிழைத்தால் டயர் ஓரம் தேயும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும், ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது பெரும்பாலும் அதனால் இல்லை. கேம்பரோ காஸ்டரோ இடம் வலம் வித்தியாசப்பட்டால்தான் இழுக்கும். தலைப்பக்கம் கூடுதலாக வெளியே சாய்ந்த சில்லின் பக்கமும், காஸ்டர் குறைந்த பக்கமும் வண்டி போகும். பள்ளத்தில் விழுந்து ஒரு கை வளைந்தால், போல் ஜொயின்ட் தேய்ந்தால், ஒரு பக்க ஸ்பிரிங் இறங்கினால் இது நடக்கும். டோவை மட்டும் சரிசெய்து "எலைன்மென்ட் முடிந்தது" என்றால் இழுப்பு அப்படியேதான் இருக்கும்.

3. டயர்

இது எங்கள் மண்ணின் கதையும்கூட.

ஹென்றி விக்கம் பிரேசிலில் இருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தது 1876 இல். முளைத்தவற்றில் பெரும்பகுதி, சுமார் 1,900 கன்றுகள், அதே வருடம் இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வைக்கப்பட்டன. அப்போது அவற்றுக்குப் பெரிய சந்தை இருக்கவில்லை. 1888 இல் பெல்பாஸ்டில் மிருக வைத்தியர் ஜோன் டன்லொப், மகனின் முச்சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். இதே யோசனைக்கு ரொபர்ட் தொம்சன் 1845 இலேயே உரிமம் எடுத்திருந்தார், ஆனால் அன்று அதற்கேற்ற வண்டிகள் இல்லை. மோட்டார் வண்டி பெருகியதும் இறப்பர் விலை ஏறியது. கேகாலை, இரத்தினபுரி மலைகளில் காடு வெட்டி இறப்பர் நட்டார்கள். இன்றும் விடியற்காலையில் பால் வெட்டப் போகும் எங்கள் பிள்ளைகளின் தாய்மார் அந்த மரங்களின் வழியில்தான் நடக்கிறார்கள். 1952 இல் சீனாவோடு செய்த இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தில் எங்கள் சோற்றுக்கும் இறப்பர்தான் விலை.

டயர் வண்டியை இரண்டு விதமாக இழுக்கும். முதலாவது காற்று. காற்று குறைந்த சில்லு உருளக் கஷ்டப்படும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். சோர்ந்த மாட்டின் கதைதான்.

இரண்டாவது ரேடியல் டயரோடு வந்தது. 1946 இல் பிரான்சின் மிஷெலின் நிறுவனம் அதற்கு உரிமம் பெற்றது. உள்ளே இருக்கும் கம்பிப் பட்டி நடுவில் இருந்து சற்று விலகினாலும், டயர் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு பக்கம் குறுகியது போல வேலை செய்யும். தம்ளரைப் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள், வட்டமடிக்கும். புது டயர் போட்ட நாளில் இருந்து இழுக்கிறது என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். இழுப்பு மறுபக்கம் மாறினாலோ நின்றாலோ பிழை டயரில். மாறாவிட்டால் வேறெங்கோ. (ஒரு திசைக்கு மட்டும் என்று அம்புக்குறி போட்ட டயரைச் சோதனை முடிந்ததும் பழைய இடத்தில் பூட்டிவிடுங்கள்.)

4. பிரேக்

ஆரம்ப காலக் கார்களில் பிரேக் பின் சில்லுகளுக்குத்தான். முன் சில்லுக்குப் பிரேக் வைக்கப் பலரும் பயந்தார்கள். கம்பியாலும் கேபிளாலும் இழுக்கும் பிரேக்கில் ஒரு பக்கம் கொஞ்சம் இறுகினாலும் வண்டி திரும்பிவிடும், அதுவும் முன் சில்லில் நடந்தால் ஆபத்து.

இதற்கு வழி சொன்னது தரம் 10 விஞ்ஞானத்தில் பிள்ளைகள் படிக்கும் பாஸ்கலின் தத்துவம். அடைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகப் போகும். அமெரிக்காவில் மல்கம் லொக்ஹெட் அதை வைத்துத் திரவப் பிரேக்கை உருவாக்கினார். 1921 இல் டூசன்பெர்க் கார் நான்கு சில்லுக்கும் அதைப் பூட்டி விற்பனைக்கு வந்தது. தோல் வளையங்களால் திரவம் கசிந்தது. 1924 இல் கிரைஸ்லர் நிறுவனத்துப் பொறியியலாளர்கள் தோலை எடுத்துவிட்டு இறப்பர் போட்டார்கள். எங்கள் மலைகளில் வடித்த பால் பிரேக்குக்குள்ளும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் இயற்கை இறப்பருக்கு மண்ணெண்ணெய், என்ஜின் ஒயில் போன்ற கனிய எண்ணெய்கள் ஆகாது. ஊதிக் கெட்டுவிடும். ஆகவே அந்தக் காலத்துப் பிரேக் திரவத்தை ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்து செய்தார்கள். இன்று வருவது வேறு இரசாயனம், ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. நாங்கள் இன்னும் "பிரேக் ஒயில்" என்றே சொல்கிறோம். அந்தப் பெயரை நம்பி யாரும் அந்தக் கிண்ணத்தில் வேறு ஒயில் ஊற்றிவிடாதீர்கள். முழுப் பிரேக்கும் பழுதாகும். மூடியில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள்.

அமுக்கம் எல்லாச் சில்லுக்கும் சமம் என்பதால் பாஸின் கேள்விக்கும் அர்த்தம் கிடைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இடப்பக்கம் இழுத்தால், பெரும்பாலும் வலப்பக்கப் பிரேக் சோம்பல், அல்லது இடப்பக்கம் கூடுதலாகக் கவ்வுகிறது. பிரேக் பிடிக்காமலே இழுத்து, கொஞ்ச தூரம் ஓடியபின் கூடினால், அந்தப் பக்கப் பிரேக் விடாமல் உரசுகிறது.

5. எங்கள் வாகனங்கள் ஏன் இவ்வளவு பழசு

களனிப் பள்ளத்தாக்கு ரயில் 1912 இல் இரத்தினபுரிக்கும் 1919 இல் ஓப்பநாயக்கவுக்கும் வந்தது. 1976 இல் அந்தப் பகுதியை மூடினார்கள். அதன்பிறகு எங்களுக்குப் பாதையை விட்டால் வேறு வழியில்லை. 1960களில் இருந்து 1977 வரை அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டில் கார் இறக்குமதி இறுகியிருந்தது. மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் தசாப்தக் கணக்கில் ஓடவைத்தவர்கள் எங்கள் பாஸ்மார். 1977க்குப் பிறகு ஜப்பான் வாகனங்கள் வந்தன. அவர்களும் இடப்பக்கத்தால் ஓடுபவர்கள், ஆகவே அந்த வாகனங்கள் எங்கள் பாதைக்குப் பொருந்தின. 2020 மார்ச்சில் இறக்குமதி மறுபடி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வேன் இன்னும் பழசானது, உதிரிப்பாக விலை ஏறியது.

ஒவ்வொரு வருடமும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். அது புகையைப் பார்க்கும். ஸ்டியரிங் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்காது.

பாஸ் பார்த்த விதம்

தம்பி சொன்ன பதில் இது: "சும்மா ஓடயிலதான் பாஸ். காலையில எடுக்கயில இல்ல. எறக்கத்துல நாலஞ்சு தடவ பிரேக் புடிச்சி வந்தா கூடுது."

"அப்ப ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியும்," என்றார் பாஸ்.

அதன்பிறகு ஒழுங்காக ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு சில்லுக்கும் காற்று அளந்தார். இடது முன் டயரில் கொஞ்சம் குறைவு, நிரப்பினார். இழுப்பு போகவில்லை. முன் டயர்களை மாற்றிப் போட்டார். அப்போதும் இடப்பக்கம்தான். டயர் தப்பியது. வேனை இறக்கத்தில் ஓட்டிவரச் சொல்லி, தொடாமல் கையைச் சில்லுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். இடது முன் சில்லில் அனல் அடித்தது, வலது பக்கம் அவ்வளவு இல்லை.

சூடு ஆறுவதற்குள் ஜெக் போட்டு, கட்டையும் வைத்து, சில்லைச் சுழற்றினார். வலது சில்லு ஓடியது. இடது சில்லு கையோடு நின்றது. பிரேக் ஹோஸுக்கு மேலே உள்ள இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினார். சில்லு விடவில்லை. ஹோஸுக்குக் கீழே, கலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறந்தார். திரவம் பீய்ச்சியது, சில்லு விடுபட்டது. மேலே திறந்தபோது இறங்காத அமுக்கம் கீழே திறந்தபோது இறங்கியது என்றால், அடைப்பு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஹோஸில்.

ஹோஸைக் கழற்றி நறுக்கிக் காட்டினார். வெளியே ஒரு கீறலும் இல்லை. உள்ளே இறப்பர் ஊதித் துவாரம் ஒடுங்கியிருந்தது. மிதிக்கும்போது காலின் பலத்தில் திரவம் உள்ளே போகிறது, காலை எடுத்ததும் திரும்பி வர முடியவில்லை. பிரேக் கவ்வியபடியே இருக்கிறது. சில்லுகள் நிற்கும் கோணத்தை அளக்கும் இயந்திரத்துக்கு இது எப்படித் தெரியும்? எலைன்மென்ட் தாள் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் பிழையான கேள்வியை அதனிடம் கொண்டுபோனோம்.

முன் ஹோஸ் இரண்டையும் மாற்றினார், ஒன்றை மட்டும் மாற்றவில்லை. கலிப்பர் பின்களைச் சுத்தம் செய்து, திரவத்தைப் புதிதாக்கிக் காற்று எடுத்தார். அன்று மாலையே தம்பி வேனைக் கொண்டுவந்தார். மேல் டிவிசன் இறக்கத்தில் இடது ஓரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தோம். வேன் தன் பாதையில் இறங்கியது.

நீங்கள் கேட்க வேண்டியவை

1. எப்போது இழுக்கிறது? சும்மா ஓடும்போதா, பிரேக்கிலா, எக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதா? ஆரம்பத்திலேயா, ஓடிய பிறகா?
2. போகும்போதும் வரும்போதும் ஒரே பக்கமா?
3. கடைசியாக என்ன மாற்றினீர்கள்? புது டயரா, பிரேக் பேடா, பள்ளத்தில் விழுந்ததா?
4. காற்று கதவருகே ஒட்டியிருக்கும் அளவுக்கு இருக்கிறதா? சுமை ஒரு பக்கமாக ஏற்றியிருக்கிறதா?
5. ஒரு சில்லு மட்டும் சுடுகிறதா? (தொட வேண்டாம். வெந்துவிடும்.)
6. இவை முடிந்த பிறகு மூட்டுகளின் ஆட்டத்தைப் பாருங்கள். எலைன்மென்ட் கடைசியில். ஆடும் மூட்டோடு எடுத்த அளவு நிலைக்காது.

திடீரென்று இழுக்கத் தொடங்கினால், அல்லது இழுப்போடு தட்டும் சத்தமோ கருகல் வாசமோ வந்தால் பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியை அந்த இடத்திலேயே விடுங்கள். கராஜ் வரை ஓட்டிப் பார்க்க வேண்டாம். உரசிச் சூடான பிரேக்கில் திரவம் கொதித்தால், மிதிக்கும்போது பிரேக்கே இல்லாமல் போகும்.

கடைசியாக ஒன்று. அந்தத் தம்பி மாதக்கணக்காக, நாள் முழுதும், ஸ்டியரிங்கை வலப்பக்கம் இழுத்துப் பிடித்தே அந்தப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறார். அவர் சொன்னதை நாங்கள் ஒரு தடவைகூட நின்று கேட்கவில்லை. லயத்துப் பையன் சொல்லும் சொல்லுக்கும் கணினித் தாளுக்கும் நடுவில் தாளை நம்பினோம். ஒவ்வொரு நாளும் வகுப்பில் "கேள்வி கேளுங்கள்" என்று சொல்பவர்கள் நாங்கள்.

போன வாரம் பெற்றோர் முன்னிலையில் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவால்ல சேர்" என்று சிரித்தார். உரிமையாளரும் சாரதியை மாற்றும் பேச்சைக் கைவிட்டுவிட்டார்.

உங்கள் வேன் சாரதி நாளைக்கு "வண்டி இழுக்குது" என்று சொன்னால், அவரை ஏசுவதற்கு முன்னால் "எப்ப?" என்று கேளுங்கள். அனுபவமுள்ள பாஸ்மார் யாராவது இதில் பிழை கண்டால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறோம்.